பூட்டு பெருசுதான், சாவி எங்கே இருக்கு?

மதுரையிலிருந்து பேசுறேன். இன்னைக்கு என்கிரிப்ஷன் பத்திப் பார்க்கப் போறோம். கணக்கு எதுவும் வராது, பயப்படாதீங்க.

நமக்குப் பக்கத்துல திண்டுக்கல். அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடே கிடைச்சது. அப்படி ஒரு பூட்டை வாங்கி மாட்டிட்டு, சாவியை நிலைக்கு மேல வச்சுட்டுப் போனா என்ன பிரயோஜனம்? நிறைய ஆப்கள்ல நடக்குறது இதுதான். டேட்டாவை ஏஇஎஸ்-256ல பூட்டுவாங்க, சாவியை அதே கோடுக்குள்ள எழுதி கிட்ல ஏத்திடுவாங்க.

ரேஷன் கடையில் என்ன நடக்குது?

சரியாச் செய்றது எப்படின்னு ரேஷன் கடையிலேயே பார்க்கலாம். ஆதார் சரிபார்ப்புக்காக நீங்க விரல் வச்சதும், அந்த ஒரு தடவைக்கு மட்டும் புதுசா ஒரு ஏஇஎஸ் சாவி உருவாகுது. விரல்ரேகைத் தகவலை அந்தச் சாவி பூட்டுது. அடுத்து, அந்தச் சாவியையே ஆதார் ஆணையத்தோட 2048 பிட் பொதுச் சாவியால பூட்டி, ரெண்டையும் சேர்த்து அனுப்புறாங்க.

பொதுச் சாவின்னா கோயில் உண்டியல் மாதிரி. யார் வேணா உள்ளே போடலாம், திறக்கிற சாவி நிர்வாகத்துகிட்ட மட்டும்தான் இருக்கும். நடுவுல எந்த சர்வர் வழியாப் போனாலும் அங்கே யாராலும் படிக்க முடியாது.

ஏன் ரெண்டு சாவி? 2048 பிட் ஆர்எஸ்ஏக்குள்ள 256 பைட்டுக்கும் குறைவாத்தான் அடங்கும், வேகமும் கம்மி. அதனால பெரிய தகவலை ஏஇஎஸ் பூட்டும், அந்தச் சின்னச் சாவியை ஆர்எஸ்ஏ பூட்டும்.

ஹேஷ் பண்ணா போதாதா?

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. ஆதார் எண் 12 இலக்கம். முதல் இலக்கம் 0, 1 ஆக இருக்காது. கடைசி இலக்கம் மத்ததுலேருந்து கணக்கிட்டு வர்றது. ஆக மொத்தமே 8,000 கோடி எண்கள்தான் சாத்தியம். ஒரு கேமிங் கார்டு நொடிக்கு 100 கோடி எஸ்ஹெச்ஏ-256 போட்டாக்கூட, ஒன்றரை நிமிஷத்துக்குள்ள எல்லாத்தையும் போட்டுப் பார்த்துடும். பாஸ்வேர்டு திருடு போனா மாத்திக்கலாம். விரல்ரேகையை எங்கே போய் மாத்துறது?

அதனாலதான் 2017 ஜூலையில ஆணையம் ஒரு உத்தரவு போட்டுச்சு. ஆதார் எண்ணைச் சேமிக்கிற நிறுவனங்கள் அதை 'ஆதார் டேட்டா வால்ட்'னு தனி டேட்டாபேஸ்ல பூட்டி வைக்கணும். மத்த எல்லா இடத்துலயும் அதுக்குப் பதிலா ஒரு குறிப்பு எண்தான் சுத்தணும். பூட்டுற சாவி ஹெச்எஸ்எம்ங்கிற தனிக் கருவிக்குள்ள இருக்கும். டேட்டாவை உள்ளே கொடுத்தா பூட்டித் தரும், சாவியை மட்டும் வெளியே தராது.

இதுல டெவலப்பருக்கு என்ன லாபம்னா, வேலை குறையுது. பில்லிங், ரிப்போர்ட், எஸ்எம்எஸ்னு எந்தப் பக்கமும் சாவியைத் தொடவே வேண்டாம். காவல் காக்க வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணுதான்.

நம்ம ப்ராஜெக்ட்ல?

- ஹெச்எஸ்எம் வாங்க முடியாதா? கிளவுட்ல கிடைக்கிற கேஎம்எஸ் இதே வேலையைச் செய்யும். அதுலயும் ரெண்டு அடுக்கு சாவிதான்.
- பூட்டுறது, திறக்குறது ரெண்டும் ரெண்டே ஃபங்ஷன்ல இருக்கட்டும். மத்த கோடுக்குச் சாவின்னு ஒண்ணு இருக்கிறதே தெரிய வேண்டாம்.
- சாவி ஏற்கனவே கிட்ல ஏறிடுச்சா? அழிச்சாப் போதாது, பழைய கமிட்ல அப்படியே இருக்கும். சாவியை மாத்துங்க, பழைய சாவியால பூட்டின டேட்டாவைப் புதுச் சாவியால மறுபடி பூட்டுங்க.
- எல்லாத்துக்கும் மேல, தேவையில்லாததை வாங்காதீங்க. ஹாஸ்டல்ல ஆள் சேர்க்கிற ஆப்புக்கு முழு ஆதார் எண் எதுக்கு? கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் போதும்.

நம்மகிட்ட இல்லாத தகவல் நம்மகிட்டேருந்து திருடு போகாது. இன்னைக்கு ராத்திரியே உங்க ரெப்போவைத் திறந்து, சாவி நிலைக்கு மேல இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!