சாமுராய் ஹெல்மெட்டுக்கும் நம்ம ஊரு வசம்புக்கும் என்ன சம்பந்தம்? மே 5-ல் ஜப்பான் குழந்தைகள் தலையில் ஏறும் காகித கவசம்

பழைய நியூஸ்பேப்பரை மடித்து தொப்பி செய்து விளையாடாத குழந்தை இருக்குமா? ஜப்பானிலும் அப்படித்தான். ஆனால் அங்கே அது வெறும் தொப்பி இல்லை. இரண்டு பக்கமும் கொம்பு வைத்த சாமுராய் ஹெல்மெட். அதன் பெயர் 'கபுட்டோ'.

ஒவ்வொரு வருஷமும் மே 5-ம் தேதி நெருங்கினால், ஜப்பானின் மழலையர் பள்ளிகளில் இந்த காகித ஹெல்மெட் தயாராகிவிடும். சின்னக் குழந்தைகள் தலையில் போர்வீரன் கவசம் எதற்கு? இது வீரத்தைக் காட்டவா, இல்லை வேறு காரணமா? விரிவாகப் பார்க்கலாம்.

மே 5-ல் என்ன விசேஷம்?

நமக்கு நவம்பர் 14 மாதிரி, ஜப்பானுக்கு மே 5 குழந்தைகள் தினம். 'கொடோமோ நோ ஹி' என்று சொல்வார்கள். 1948-ல் கொண்டுவரப்பட்ட விடுமுறைச் சட்டப்படி இது தேசிய விடுமுறை. குழந்தைகளை மதிக்க வேண்டும், அவர்கள் சந்தோஷத்துக்கு வழி செய்ய வேண்டும், கூடவே அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

அதற்கு முன்பு இது ஆண் குழந்தைகளுக்கான பண்டிகை. பழைய பெயர் 'டாங்கோ நோ செக்கு'. பெண் குழந்தைகளுக்கு மார்ச் 3-ல் தனி விழா உண்டு. சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசன், அரசி பொம்மைகளை அடுக்குவார்கள். கடலூர் வண்டிப்பாளையத்தில் செய்யும் கொலு பொம்மைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படிகளைப் பார்த்தாலே நம்ம வீட்டு கொலு ஞாபகம் வந்துவிடும்.

வசம்பு எங்கே வந்தது?

இங்கேதான் சுவாரஸ்யம். இந்தப் பண்டிகையின் வேர் சீனாவில் இருக்கிறது. பழைய சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் என்றால் வெயிலும் ஈரமும் சேர்ந்து நோய் பரவும் காலம். அதனால் காட்டமான வாசனை உள்ள செடிகளை வாசலில் கட்டி நோயையும் கெட்டதையும் விரட்டினார்கள். அந்தப் பழக்கம் ஜப்பானுக்கும் போனது.

அப்படிக் கட்டிய செடிகளில் முக்கியமானது 'ஷோபு'. அது வேறு எதுவும் இல்லை, நம்ம வசம்புதான்! தமிழில் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. நம்ம ஊரில் பச்சைக் குழந்தையின் கையில் வசம்பு வளையல் போடுகிறார்கள். ஜப்பானில் மே 5 அன்று வசம்பு இலையைப் போட்ட வெந்நீரில் குளிக்கிறார்கள். நாம் கிழங்கை எடுத்துக்கொண்டோம், அவர்கள் இலையை எடுத்துக்கொண்டார்கள். வேண்டுதல் ஒன்றுதான்: பிள்ளை நல்லா இருக்கணும்.

(ஒரு எச்சரிக்கை: வசம்பைச் சுட்டு உரசிக் குழந்தையின் நாக்கில் தடவும் பழக்கம் வேண்டாம் என்கிறார்கள் குழந்தைகள் நல மருத்துவர்கள். வளையல் போட்டாலும் குழந்தை அதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்க.)

செடி எப்படி ஹெல்மெட் ஆனது?

எல்லாம் ஒரு வார்த்தை விளையாட்டுதான். 'ஷோபு' என்ற அதே உச்சரிப்பை வேறு எழுத்துகளில் எழுதினால் 'போர்க்கலையைப் போற்றுதல்' என்றும் பொருள் வரும். 12-ம் நூற்றாண்டின் கடைசியில் சாமுராய்கள் கை ஓங்கியது. செடிகளுக்கான பண்டிகை மெல்ல மெல்ல போர்வீரர் வீட்டுப் பிள்ளைகளின் பண்டிகையாக மாறியது.

எடோ காலத்தில் (1603 - 1868) சாமுராய் குடும்பங்கள் இந்த நாளில் நிஜமான கவசத்தையும் ஹெல்மெட்டையும் வெளியே எடுத்து காட்சிக்கு வைத்தன. இதைப் பார்த்த வியாபாரிகளும் சாதாரண மக்களும் சும்மா இருப்பார்களா? காகிதத்திலும் மரத்திலும் தாங்களே செய்து வைக்க ஆரம்பித்தார்கள். இன்று மழலையர் பள்ளியில் மடிக்கும் காகித கபுட்டோவுக்கு மூத்த அண்ணன் அதுதான்.

இப்போது கடைகளில் கிடைப்பது உலோகத் தகடு, பட்டுக் கயிறு வைத்து கைவினைஞர்கள் செய்யும் சின்ன மாதிரிகள். டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைதாமா மாநிலத்தில் உள்ள இவாட்சுகி, பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பையன் பிறந்து வரும் முதல் மே 5-க்கு தாத்தா பாட்டி ஹெல்மெட் வாங்கிக் கொடுப்பது பல குடும்பங்களில் வழக்கம். நம்ம ஊரு தாய்மாமன் சீர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஹெல்மெட்டில் நிலா எதற்கு?

போர்க்களத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று தூரத்தில் இருந்தே தெரிய வேண்டும். அதற்காக ஹெல்மெட்டின் முன்பக்கம் ஒரு சின்னம் வைத்தார்கள். தாத்தே மசமுனே (1567 - 1636) என்ற தளபதியின் ஹெல்மெட்டில் பெரிய பிறை நிலா இருக்கும். நாவோயே கனெட்சுகு என்பவர் 'அன்பு' என்று படிக்கப்படும் எழுத்தையே நெற்றியில் வைத்தார். கடைகளில் பிறை நிலா மாதிரி இன்றும் பிரபலம்.

சில வீடுகளில் ஹெல்மெட் பக்கத்தில் வில்லும் வாளும்கூட இருக்கும். ஆனால் நடுவில், உயரத்தில் இருப்பது ஹெல்மெட்தான். வாள் அடுத்தவனை வெட்டும். ஹெல்மெட் தலையைக் காக்கும். விபத்து, நோய் எதுவும் பிள்ளையை அண்டாமல் இருக்கட்டும் என்பதுதான் இன்று ஜப்பான் பெற்றோர் சொல்லும் காரணம்.

வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமா செய்யலாம். கத்தரிக்கோலும் ஒரு நியூஸ்பேப்பரும் போதும்.

1. பேப்பரை முழுசாக விரித்து, பக்கத்துக்கு சுமார் 50 செ.மீ. இருக்கும்படி சதுரமாக வெட்டுங்க.

2. மூலைக்கு மூலை மடித்து முக்கோணம் ஆக்குங்க. மடிப்பு மேலேயும் கூர்முனை கீழேயும் இருக்கட்டும்.

3. இடது, வலது மூலைகளை கீழே உள்ள கூர்முனைக்குக் கொண்டுவாங்க. இப்போது வைர வடிவம் கிடைக்கும்.

4. கீழே கொண்டுவந்த அந்த இரண்டு முனைகளையும் மேல் உச்சிக்குத் தூக்கி மடிங்க. பிறகு அவற்றின் நுனியை வெளிப்பக்கமாகச் சாய்த்து மடித்தால் கொம்பு ரெடி.

5. கீழே மிச்சம் இருக்கும் இரண்டு தாளில் மேல் தாளை மட்டும், உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை தூக்கி மடிங்க. மீதி விளிம்பை இன்னொரு முறை மேலே மடித்தால் நெற்றிப்பட்டை.

6. பின்பக்கத் தாளை உள்ளே செருகுங்க. கீழ்ப்பக்கத்தை விரித்தால் கபுட்டோ தயார்.

காப்பு கட்டினால் மட்டும் போதுமா?

போதாது என்பது ஜப்பானுக்கும் தெரியும். அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகள் பலரும் மஞ்சள் தொப்பி போட்டுத்தான் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். வண்டி ஓட்டுபவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. நிலநடுக்கம் வந்தால் தலையில் மாட்டிக்கொள்ள, பஞ்சு வைத்துத் தைத்த துணிக் கவசத்தையும் பல பள்ளிகள் மாணவர்களுக்குத் தயாராக வைத்திருக்கின்றன. மே 5-ல் காகித ஹெல்மெட் வேண்டுதல் என்றால், மற்ற நாட்களில் இவைதான் காவல்.

இந்த வித்தியாசம் கடலூர் பக்கத்து செம்மங்குப்பத்துக்கு நன்றாகத் தெரியும். 2025 ஜூலை 8 காலை, அங்குள்ள ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. 3 மாணவர்கள் உயிரிழந்தனர். விபத்து நடந்தபோது அந்த கேட்டில் 'இன்டர்லாக்' வசதி இருக்கவில்லை. அது இருந்தால், கேட் முழுசாக மூடினால்தான் ரயிலுக்கு பச்சை சிக்னல் விழும். ஆள் தவறினாலும் கருவி தடுக்கும். எந்தப் பெற்றோரும் வேண்டுதலில் குறை வைப்பதில்லை. கேட்டும் சிக்னலும் பெற்றோர் கையில் இல்லை.

பெற்றோர் கையில் இருப்பது என்ன?

பைக்கில் போகும் 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் அளவான ஹெல்மெட், ஓட்டுபவருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, அதிகபட்சம் 40 கி.மீ. வேகம் என்ற விதி 2022-ல் அறிவிக்கப்பட்டு 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஆனால் அப்பா தலையில் ஹெல்மெட், முன்னால் நிற்கும் பிள்ளை தலையில் ஒன்றும் இல்லை என்ற காட்சியை இன்றும் ரோட்டில் பார்க்கிறோம்.

மே 5 வரும்போது நம்ம பசங்களுக்கும் கோடை விடுமுறைதான். ஒரு பழைய பேப்பரை எடுத்து கபுட்டோ மடித்துக் கொடுங்க, வீடே கலகலப்பாகும். ஜூனில் பள்ளி திறக்கும்போது புது பை, புது நோட்டு வாங்கும் பட்டியலில் பிள்ளை தலைக்கு அளவான நிஜ ஹெல்மெட் ஒன்றையும் சேர்த்துக்கோங்க.