துணைநிரலிலிருந்து முதன்மை நிரலை நிறுத்துதல்

ஒரு நிரல் தன் வேலையின் ஒரு பகுதியை முடிக்க வேறொரு நிரலை அழைக்கும்போது, அழைக்கப்பட்டது துணைநிரல் எனப்படும். துணைநிரலில் பிழை தென்பட்டால், அதை அழைத்த முதன்மை நிரலையும் நிறுத்த வேண்டிய தேவை எழுகிறது. எக்செல் மேக்ரோக்கள் எழுதப்படும் விபிஏ மொழியில் (1993, எக்செல் 5.0) அழைத்த நிரலை மட்டும் நிறுத்தும் தனிக் கட்டளை இல்லை.

குஜிலியம்பாறைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்கள் எக்செல்லில் பதியப்படுவதாகக் கொள்வோம். முதன்மை நிரல், சரிபார்க்கும் துணைநிரலை முதலில் அழைக்கிறது. பின்னர் மொத்தம் கூட்டி, தரவரிசை இட்டு, தேர்ச்சி அறிக்கைகளை அச்சிடுகிறது. கணக்குப் பாடத்தில் 78 என்பது 787 என்று தட்டச்சாகிவிட்டது. துணைநிரல் அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை காட்டுகிறது. அடுத்த வரி 'எக்சிட் சப்'. எல்லாம் நின்றுவிட்டது என்று நிரல் எழுதியவர் நினைக்கிறார். ஆனால் நின்றது துணைநிரல் மட்டுமே. முதன்மை நிரல் அடுத்த வரிக்குப் போய்க் கூட்டுகிறது. 500க்கு 1,097 பெற்று ஒரு மாணவர் முதலிடம் பிடிக்க, அவருக்கு மேலே இருந்தவர்கள் ஆளுக்கோர் இடம் இறங்குகின்றனர். அறிக்கையும் அச்சாகி வீட்டுக்குப் போய்விடுகிறது.

காரணம் எளிது. அழைப்பின்போது, திரும்பி வர வேண்டிய இடத்தைக் கணினி குறித்துக்கொள்கிறது. துணைநிரல் 'எக்சிட் சப்' வழியாக முடிந்தாலும் ஓட்டம் அங்கேயே திரும்பும். கேம்பிரிட்ஜில் 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்காக டேவிட் வீலர் வகுத்த முறையிலும் இதுவே வழக்கம்.

'எண்ட்' என்ற கட்டளை எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே நிறுத்தும். பலரும் நாடுவது இதைத்தான். ஆனால் இது முரட்டு வழி. பொது மாறிகளின் மதிப்புகள் அழிந்துபோகும். 'எனேபிள் ஈவண்ட்ஸ்' அமைப்பைத் தொடக்கத்தில் அணைத்து, கடைசி வரிகளில் மீட்க எண்ணியிருந்தால், அந்த வரிகளுக்கு ஓட்டம் வராது. அமைப்பு அணைந்தே கிடக்கும்.

சிறந்த வழி, சரிபார்க்கும் துணைநிரலை 'சப்' என்பதற்குப் பதில் 'ஃபங்ஷன்' ஆக, பூலியன் விடை தருமாறு எழுதுவது. எல்லாம் சரியென்றால் 'ட்ரூ' தரும். முதன்மை நிரல் அந்த விடையைப் பார்த்து, 'ஃபால்ஸ்' என்றால் தானே 'எக்சிட் சப்' வழியாக வெளியேறும். பூலியன் ஃபங்ஷனின் இயல்பு மதிப்பு 'ஃபால்ஸ்' என்பதால், விடை தர மறந்தாலும் அச்சு நடக்காது.

நிரல்கள் மூன்று நான்கு அடுக்காக ஒன்றையொன்று அழைத்தால், ஒவ்வொரு அடுக்கிலும் விடையைச் சோதிப்பது சலிப்பூட்டும். அப்போது 'எர் ரெய்ஸ்' பொருந்தும். துணைநிரல் தானே ஒரு பிழையை எழுப்ப, ஓட்டம் இடையடுக்குகளைத் தாண்டி, பிழை கையாளும் பகுதி உள்ள நிரலை அடைகிறது. அணைத்த அமைப்புகளை அங்கேயே மீட்டுவிடலாம்.