அடிமாட்டு விலைக்கு ஒரு படகு: எங்கே தட்டிப் பார்ப்பது?

பனி உருகியதும் மின்னசோட்டா, விஸ்கான்சின், மிஷிகன் போன்ற ஏரி மாநிலங்களில் வீட்டு வாசல்களுக்குப் பழைய படகுகள் வந்துவிடும். ஓர் அட்டை, அதில் ஒரு விலை. அவற்றில் ஒரு ரகத்தைத் தெருமுனையிலிருந்தே அடையாளம் காணலாம். மற்றவற்றின் முன்பக்கம் கூம்பியிருக்க, இதன் முன்பக்கம் மட்டும் அகன்று, ஏறக்குறையச் சதுரமாக நிற்கும். குனிந்து பார்த்தால் அடியில் நடுவே ஒரு பெரிய மேடு, இருபுறமும் இரண்டு சிறிய மேடுகள், இடையே நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள். இதுதான் டிரை-ஹல். 1960-களிலும் 70-களிலும் அமெரிக்கக் குடும்பங்கள் விரும்பி வாங்கிய படகு. இன்று டிரெய்லரோடு சேர்த்தே சில நூறு டாலருக்குக் கிடைப்பதுண்டு. இடத்தைக் காலி செய்தால் போதும் என்று சும்மாவே கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

கையில் அதிகம் காசில்லாத ஒரு குடும்பம் பிள்ளைகளோடு ஏரிக்குள் போய்வர இதைவிட நல்ல படகு கிடைப்பது கடினம். ஆனால் வாங்கியது லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது ஃபைபர்கிளாஸுக்குள் மறைந்திருக்கும் மரமும் நுரையும்தான். இன்ஜின், இருக்கை, பெயின்ட் எல்லாம் அதற்கப்புறம்.

இந்த வடிவத்தின் வேர், 1910-களில் கனடாக்காரரான ஆல்பர்ட் ஹிக்மன் உருவாக்கிய ‘சீ ஸ்லெட்’ படகில் இருக்கிறது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த டிக் ஃபிஷர், வடிவமைப்பாளர் ரே ஹன்ட்டின் துணையோடு அதை மாற்றியமைத்து, 1958-ல் 13 அடி பாஸ்டன் வேலரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1961-ல் லைஃப் இதழில் வந்த படங்கள் அதைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோயின. ஃபிஷர் உள்ளே உட்கார்ந்திருக்க, படகைக் குறுக்கே ரம்பத்தால் அறுக்கிறார்கள். அறுபட்ட பாதி மூழ்கவில்லை. இன்ஜின் உள்ள பாதியை அவர் ஓட்டிக்கொண்டே போகிறார். அதன்பின் தண்டர்பேர்ட், டெக்சாஸின் கிளாஸ்ட்ரான், மின்னசோட்டாவின் லார்சன் என்று பல நிறுவனங்கள் தங்கள் பாணியில் மூன்று மேட்டுப் படகுகளைச் செய்து தள்ளின.

மக்கள் இதை விரும்பியதற்குக் காரணம் எளிது. நின்ற நிலையில் இது ஆடாது. தூண்டில் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் வந்து நின்றாலும் அவ்வளவாகச் சாயாது. முன்பக்கம் அகலம் என்பதால் 16 அடிப் படகிலேயே முன்னால் நாலு பேர் உட்கார இடம் இருக்கும். குறையும் அந்த அகலத்திலேயே இருக்கிறது. காற்று கிளம்பி அலை எழுந்தால் கூர்முனைப் படகு தண்ணீரைக் கிழித்துப் போகும். டிரை-ஹல் அலைமேல் தொப்பென்று விழும். ஒவ்வொரு விழுதலும் உள்ளே இருக்கும் சட்டங்களை அடிப்பகுதியிலிருந்து பிரிக்கப் பார்க்கிறது. ஐம்பது வருடம் அப்படி அடிவாங்கிய படகைத்தான் இன்று வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது? வேலர் போன்ற சில படகுகளில் இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே முழுக்க நுரை. மற்றவற்றில் பெரும்பாலும் ஒரே அமைப்பு: அடிப்பகுதிக்கு மேல் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் எனப்படும் மரச் சட்டங்கள், அவற்றின்மேல் பிளைவுட் தரை, பின்னால் இன்ஜினைத் தாங்கும் டிரான்ஸம் என்ற பின்பலகை. பின்பலகையும் பிளைவுட்தான், அதன் இருபுறமும் ஃபைபர்கிளாஸ் போர்த்தியிருக்கும். தரைக்கடியில் உள்ள காலியிடத்தில் பாலியூரித்தேன் நுரை ஊற்றியிருப்பார்கள். ஃபைபர்கிளாஸ் லேசில் அழியாது. மரம் அழியும். அதை அழிப்பது ஏரித் தண்ணீரைவிட மழைதான். மூடாமல் வாசலில் கிடந்த படகுக்குள் பெய்த மழை, இருக்கை ஆணி, ஏணி ஆணி, மீன் தேடும் கருவிக்காகப் போட்ட ஓட்டை என்று கிடைத்த வழியில் எல்லாம் இறங்கி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. உப்புத்தண்ணீராவது பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும். மழைநீர் அதையும் செய்யாது.

ஆகவே முதலில் பின்பலகை. பின்பலகைக்கு வெளியே அவுட்போர்டு இன்ஜின் மாட்டிய படகு என்றால், இன்ஜினின் அடிமுனையைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தி ஆட்டும்போது இன்னொருவர் பின்பலகையின் மேல்விளிம்பைக் கவனிக்க வேண்டும். இன்ஜினோடு சேர்ந்து பலகையும் வளைந்து கொடுத்தால் உள்ளே மரம் போய்விட்டது. அசையவில்லை என்றாலும் விடக்கூடாது. பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல, சின்னப் பிளாஸ்டிக் சுத்தியலால் பலகை முழுக்க அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல மரம் கணீரென்று சொல்லும். ஊறிய மரம் ‘தொப்’ என்று மந்தமாகச் சொல்லும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டால் கெட்டுப்போன பகுதியின் வரைபடமே கிடைத்துவிடும். பெரும்பாலும் அது தண்ணீர் வடியும் துளையைச் சுற்றியும் இன்ஜின் போல்ட்டுகளுக்குக் கீழேயும்தான் தொடங்கியிருக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? விற்பவரிடம் கேட்டு, உள்பக்கத்திலிருந்து 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுப் பார்க்கலாம். மறுபக்கம் வரை போகக்கூடாது. வெளிறிய உலர்ந்த சுருள் வந்தால் நிம்மதி. கறுத்த ஈரக்கூழாக வந்தால் பேரம் அங்கேயே மாறிவிடுகிறது. பார்த்து முடித்ததும் எப்பாக்சி வைத்து ஓட்டையை அடைத்துவிட வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் மறுத்தால், பலகை கெட்டது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுவதுதான் நியாயம்.

அடுத்தது தரை. வெறுங்காலோடு முன்னும் பின்னும் நடந்தால் எங்கே அமுங்குகிறது என்று பாதமே சொல்லும். அமுங்கும் தரையைவிட ஆபத்தானது புதுத் தரை. ‘போன வருடம்தான் தரை மாற்றினேன்’ என்று சொல்கிறவர், மக்கிய சட்டங்களின் மேலேயே புதுப் பிளைவுட்டை அடித்து, அதன்மேல் புதுக் கம்பளத்தை ஒட்டியிருக்கலாம். தரையைத் திறந்தபோது எடுத்த படங்களைக் கேட்பதில் தவறில்லை. இன்ஜின் அறைக்குள் கையை விட்டுத் தெரிகிற சட்டத்தைத் திருப்புளியால் அழுத்திப் பார்க்கலாம். இன்ஜினைத் தாங்கும் போல்ட் இறுகாமல் சும்மா சுற்றினால், அது பிடித்துக்கொள்ள அங்கே மரம் இல்லை.

இனி நுரை. கண்ணுக்கே தெரியாத இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஒரு கன அடி நுரையின் எடை சுமார் ஒரு கிலோ. அதே அளவு தண்ணீர் 28 கிலோ. நுரையின் அறைகள் உடைந்து தண்ணீர் ஏறிவிட்டால், பத்துக் கன அடி நுரை கால் டன்னுக்கு மேல் சுமையாகிவிடும். நாலு பேர் எப்போதும் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் எடை அது. படகு மெதுவாகத்தான் எழும்பும், பெட்ரோலைக் குடிக்கும், விளிம்பு தண்ணீருக்கு நெருக்கமாக வந்துவிடும். முன்பக்கத்தை உயர்த்தி, வடிகால் அடைப்பைக் கழற்றி வைத்தால், மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருப்பது ஓர் அறிகுறி. நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் லாரி எடை மேடைக்கு இழுத்துப் போகலாம். டிரெய்லரோடு ஒருமுறை, படகை இறக்கிவிட்டு டிரெய்லரை மட்டும் ஒருமுறை. கம்பெனி சொன்ன எடையையும் இன்ஜின் எடையையும் கழித்த பிறகு நூற்றுக்கணக்கான கிலோ மிச்சம் நின்றால் அது தண்ணீர்தான்.

ஊறிய நுரையைத் தோண்டி எறிந்துவிட்டு, மாற்று எதுவும் போடாமல் விற்பவர்களும் உண்டு. படகு லேசாக இருக்கும், ஓட்டவும் சுகமாக இருக்கும். கவிழ்ந்தால் நேரே ஏரித் தரைக்குப் போகும். 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகள் தண்ணீர் நிரம்பினாலும் மட்டமாக மிதக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1978 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்கு முந்தைய படகுகளுக்கு இருக்கும் ஒரே துணை இந்த நுரைதான். பிள்ளைகளை ஏற்றப்போகிறவர் இதில் சமரசம் செய்யவே கூடாது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் படுத்துப் பார்க்கிற வேலையும் இருக்கிறது. டிரை-ஹலுக்கே உரிய இடம் அந்த இரண்டு பள்ளங்கள். வெளியிலிருந்து யாரும் பார்க்காத, பழுது பார்க்கக் கை நுழையாத இடம். மேல்பூச்சில் சிலந்திவலைபோல் தெரியும் மெல்லிய கீறல்களில் பல வயதால் வருபவை. ஆனால் முன்பகுதியின் அடியில், சட்டங்கள் ஓடும் திசையிலேயே நீளமாக ஒரு கீறல் போனால், அலையடியில் உள்ளே ஒட்டு விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். டிரெய்லரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கூர்முனைப் படகுக்காகச் செய்த டிரெய்லரில் டிரை-ஹலை ஏற்றி வருடக்கணக்கில் நிறுத்தியிருந்தால், பக்க மேடுகளில் தவறான இடத்தில் பாரம் விழுந்து அடிப்பகுதி குழிந்திருக்கும். பின்னாலிருந்து ஐந்தடி தூரத்துக்கு நேரான ஒரு சட்டத்தை அடியில் வைத்துப் பார்த்தால் குழிவு தெரிந்துவிடும். அப்படிப்பட்ட படகு ஓடும்போது மூக்கைக் கீழே அழுத்தும்.

இன்ஜினுக்கு வருவோம். அவுட்போர்டு என்றால் வேலை சுலபம். எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் யோசிக்க வேண்டும். கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. இன்ஜின் கெட்டிருந்தாலும் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டலாம்.

இன்ஜின் உள்ளேயும் புரொப்பல்லர் பகுதி வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவ் வேறு கதை. பனிக்காலத்துக்கு முன் இன்ஜினிலிருந்து தண்ணீரை வடிக்க ஒரே ஒரு வருடம் மறந்திருந்தால் போதும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிந்து இரும்பு பிளாக்கையே பிளந்துவிடும். இன்ஜினின் பக்கவாட்டில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் அங்கே விரலை வைத்துத் தடவிப் பார்ப்பது நல்லது. பின்பலகை ஓட்டையை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையையும் விரித்துப் பார்க்க வேண்டும். மடிப்புக்குள் வெடிப்பு இருந்தால் பேரிங் கெடும், கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கவும் கூடும். தயாரிப்பாளர் யார் என்பதும் முக்கியம். மெர்க்ரூசருக்கு இன்னும் உதிரிபாகம் கிடைக்கிறது. ஓ.எம்.சி. நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. அதன் பழைய ஸ்டெர்ன்டிரைவ்களுக்குப் பாகம் தேடுவதே ஒரு தனி உழைப்பு. இயந்திர வேலையில் ஆர்வம் இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

பெட்ரோல் குழாய்களைப் பற்றி மட்டும் பேரம் கிடையாது. பழைய ரப்பர் குழாய், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் இளகிக் கசியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியிலேயே தேங்கும். ஸ்டெர்ன்டிரைவ் படகில் ஸ்டார்ட் செய்யுமுன் நாலு நிமிடம் காற்றாடியை ஓடவிடச் சொல்வது அதற்காகத்தான். காசை மிச்சம் பிடிக்க யாராவது கார் ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ மாட்டியிருந்தால், அதன் ஒரு பொறி போதும் வெடிப்பதற்கு. தீப்பொறி வெளியே வராத, படகுக்கென்றே செய்த பாகம்தானா என்று லேபிளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

காகிதங்கள்: பின்பலகையின் வலது மேல்மூலையில் பன்னிரண்டு எழுத்து எண் இருக்கும். 1972 நவம்பருக்குப் பிறகு செய்த படகுகளுக்கு அது கட்டாயம். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளரைச் சொல்லும்; பதிவுச் சான்றில் உள்ள எண்ணோடு முழு எண்ணும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். டிரெய்லருக்குத் தனிக் காகிதம்.

எல்லாம் தேறினால் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். காலிப் படகாக ஓட்டிப் பயனில்லை. குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பேரை ஏற்றி, முன் இருக்கைகளையும் நிரப்பி, படகு எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது, திரும்பும்போது முன்விளிம்பு எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். கரையேறியதும் அடியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்பதையும்.

தேறாத படகை, விலையே இல்லை என்றாலும், அங்கேயே விட்டுவர வேண்டும். ஃபைபர்கிளாஸை உருக்கி விற்க முடியாது. வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் பழைய படகுகளைப் பெற்றுக்கொண்டு அழிக்கத் தனித் திட்டமே வைத்திருக்கின்றன. அப்படி எதுவும் இல்லாத ஊரில் கடைசியாக வாங்கியவர்தான் அதை ரம்பத்தால் துண்டாக்கி, குப்பைக் கிடங்கில் எடைக்குக் காசு கட்டிப் போட்டுவிட்டு வர வேண்டும். நுரையில் ஊறிய தண்ணீருக்கும் சேர்த்து.