தண்ணீரில் என்ன இருக்கிறது? வளரும் அறிவும் நம் பிள்ளைகளின் கல்வியும்



அண்ணல் அம்பேத்கரின் நினைவைப் போற்றும் இந்தப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் கல்வி. உலகில் அறிவு வேகமாக வளர்கிறது. பள்ளிக்கூடம் அதற்கு எப்படி ஈடுகொடுப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாம் அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. வளர்கிற அறிவு யார் கைக்கு வந்து சேர்கிறது?

முதலில் வேகத்தைப் பார்ப்போம். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் திட்டம் 2003இல் முடிந்தது. 2006இல் புளூட்டோ கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2016இல் தனிம அட்டவணையில் நான்கு புதிய தனிமங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டது. இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் பத்தாண்டுகளுக்கு மேலாக மாறாத பாடநூலையே படித்துக்கொண்டிருந்தார்கள். 2017இல் பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, 2018லும் 2019லும் புதிய பாடநூல்களைக் கொண்டுவந்தார்கள். அது தேவையான வேலை. நல்ல தாள், வண்ணப் படங்கள், கைப்பேசியால் படம்பிடித்தால் காணொளி திறக்கும் கியூ.ஆர். குறியீடு என்று அரசுப் பள்ளிப் பிள்ளையின் கையிலும் தரமான புத்தகம் வந்தது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் புத்தகம் புதிதாவதும் கல்வி புதிதாவதும் ஒன்றல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது அது வெளிச்சமாயிற்று. புத்தகத்தில் குறியீடு இருந்தது, அதைத் திறக்கும் கைப்பேசி எத்தனையோ வீடுகளில் இல்லை. இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகப் பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் தாண்டிப் போயின. அதைத் தடுக்க 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிட்டது. தேர்வு வைத்தால் மனப்பாடம், தேர்வை எடுத்தால் பாடமே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் கல்வி, அறிவின் வேகத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் இடைநிலைத் தனிமங்கள் என்றொரு பாடம் இருக்கிறது. அதில் குரோமியமும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் வருகின்றன. தயாரிப்பு, பண்பு, பயன் என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். திண்டுக்கல்லில் பேகம்பூர், பொன்மாந்துறை பக்கம் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் குரோமியம் புத்தகத்தில் மட்டும் இல்லை. அது தோல் ஷாப்புக் கழிவோடு வாய்க்காலில் ஓடியிருக்கிறது, நிலத்தில் இறங்கியிருக்கிறது. பாடமும் ஊரும் ஒரு நாளும் வகுப்பறையில் சந்திப்பதில்லை.

தோல் பதனிடுவது எப்படி என்று சுருக்கமாகச் சொல்வோம். கெடாமலிருக்கப் பச்சைத் தோலுக்கு உப்பிடுகிறார்கள். ஷாப்புக்கு வந்ததும் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி எடுக்கிறார்கள். முடியை நீக்கச் சுண்ணாம்புக் குழியில் போடுகிறார்கள். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். பிறகு வேகமாக வேலை முடிய குரோமியம் சல்பேட் வந்தது. போட்ட குரோமியம் முழுவதையும் தோல் பிடித்துக்கொள்வதில்லை; மீதி கழிவுநீரோடு போகிறது. கழுவிய உப்பும் அதோடு போகிறது. சுத்திகரிக்காமல் விட்ட இடங்களில் கிணற்று நீர் உவர்ப்பேறி, குடிக்கவும் பாசனத்துக்கும் ஆகாமல் போயிற்று. குழியில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் நம் மக்கள். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இலக்கியம் பதிவுசெய்துவிட்டது. வேதியியல் வகுப்பு இன்னும் பதிவுசெய்யவில்லை.

சட்டமும் பதிவுசெய்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. மாணவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் கெட்டுப்போயிற்று என்று வாயால் சொன்னால் போதாது. எவ்வளவு கெட்டது என்று அளந்து காட்ட வேண்டும். அளக்கத் தெரிந்தவன் பேச்சுதான் ஆணையத்தின் முன் நிற்கும்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கலாம்: "ஊர்த் தொழிலை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள் என்றால், அது குலக்கல்வி அல்லவா?" நியாயமான அச்சம். 1953இல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. எதிர்ப்புக்குப் பிறகு 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் நின்றிருந்தால் இந்தச் சமவெளியில் நம் பிள்ளை கற்றிருக்கக்கூடிய தொழில் எது என்று சொல்லத் தேவையில்லை.

நாம் கேட்பது அதற்கு நேர் எதிரானது. குலக்கல்வி பிள்ளையைக் குழிக்குள் இறக்கியது. நாம் கேட்கும் கல்வி, குழியில் என்ன ஊற்றினார்கள், அது அப்பாவின் கைத்தோலை என்ன செய்தது, கிணற்றுக்கு எப்படிப் போயிற்று, அதற்கு யார் பொறுப்பு என்று பிள்ளையைக் கேட்க வைப்பது. அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்த ஜான் டூயி, அனுபவத்திலிருந்து எழும் விசாரணையே கல்வி என்று வாதிட்டவர். அனுபவத்தோடு கட்டிப்போடுவது வேறு, அனுபவத்தை விசாரிப்பது வேறு.

அப்படியானால் என்ன சீர்திருத்தம் வேண்டும்? முதலாவது, நேரம். பெருகும் செய்தியையெல்லாம் பாடநூலில் அடைக்க முடியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு செய்தியைத் தேடித்தர இயந்திரமே இருக்கிறது. குரோமியத்தைப் பற்றி அது பக்கம் பக்கமாக எழுதும். நம் தெருக் கிணற்றில் இன்று எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளக்காதவரை அதற்கும் தெரியாது. எனவே பாடத்தைக் குறைத்து, அளத்தல், ஒப்பிடுதல், ஐயப்படுதல், ஆதாரம் கேட்டல் ஆகியவற்றுக்கு நேரம் கொடுக்க வேண்டும். செய்தி பழசாகும், இந்தப் பழக்கம் பழசாகாது.

இரண்டாவது, ஆய்வகமும் ஆசிரியரும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் கிராம அரசுப் பள்ளிகளிலும் பூட்டிய அலமாரி ஆய்வகமாகாது. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கக் கூடாது. ஆசிரியரும் தொடர்ந்து கற்க வழி வேண்டும். மூன்றாவது, தேர்வு. பிள்ளை தானே பார்த்து, அளந்து எழுதிய ஒன்றுக்கு மதிப்பெண் தரும் தேர்வு வேண்டும். நான்காவது, மொழி. புதிய அறிவு தமிழில் உடனுக்குடன் வர வேண்டும், ஆங்கிலமும் நம் பிள்ளைகளுக்குக் குறைவின்றிக் கிடைக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கும் பேச்சு நமக்கு வேண்டாம்.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம், குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கரைந்த திடப்பொருளை அளக்கும் சிறு கருவி ஒரு மாலை நேர வகுப்பால் வாங்கக்கூடியது. உப்பின் குளோரைடைச் சில்வர் நைட்ரேட்டால் பள்ளி ஆய்வகத்திலேயே அளக்கலாம். குரோமியத்துக்கு முறையான ஆய்வுக்கூடம் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பரிசோதனை முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி கேட்கலாம். மாணவர்கள் அளக்கட்டும், செயற்பாட்டாளர்கள் மனு எழுதட்டும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதே ஒரு நல்ல வகுப்பு.

1927 மார்ச் 20 அன்று மகாட்டின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கானோர் அவரைத் தொடர்ந்தார்கள். அது தண்ணீரைத் தொடும் உரிமைக்கான போராட்டம். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை அதன் தொடர்ச்சி. அந்த உரிமையை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்காத கல்வி, எத்தனை முறை புத்தகத்தை மாற்றினாலும் பழைய கல்விதான்.