கிராஃபிக்ஸ் கார்டுக்கு வாசல் எவ்வளவு அகலம்?

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: “என் பழைய மதர்போர்டில் இது உட்காருமா?” பெரும்பாலும் உட்காரும். 2003-இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற இணைப்பு முறை வந்ததிலிருந்து, பழைய போர்டில் புதிய கார்டையும் புதிய போர்டில் பழைய கார்டையும் செருகலாம் என்றே வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்த பிறகு அதற்கு வேண்டிய சாமான் வேளைக்கு வந்து சேருமா என்பதுதான் நாம் கேட்க மறக்கும் கேள்வி.

அதற்கு ஒரு கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்குள் போய்ப் பார்க்கலாம்.

முதலில் கண்ணில் படுவது கோட்டை அடுப்பும் அதைச் சுற்றி நிற்கும் ஆட்களும். அதுதான் கார்டில் இருக்கும் கிராஃபிக்ஸ் சிப். அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு மேடை. நறுக்கிய காய், அரைத்த விழுது, அளந்து வைத்த பருப்பு எல்லாம் அதன்மேல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அந்த மேடை, கார்டிலேயே பொருத்தியிருக்கும் வி-ரேம். அடுத்த அறையில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னுமாக உக்கிராணம். அது கம்ப்யூட்டரின் ரேம். சாமானை எடுத்துக் கொடுத்து, எந்தப் பந்திக்கு என்ன வேண்டும் என்று சொல்லி அனுப்பும் உக்கிராணக்காரர்தான் பிராசஸர். உக்கிராணத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே இருக்கும் வாசல்தான் நம் ஸ்லாட்.

சமைத்த பண்டம் அந்த வாசல் வழியே திரும்பாது, நேரே பந்திக்குப் போகும். மானிட்டர் கேபிளைக் கார்டின் பின்புறத்திலேயே செருகுவது அதனால்தான். கார்டு வாங்கி வைத்துவிட்டு, கேபிளை மட்டும் பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே செருகி “வேகம் கூடவே இல்லையே” என்பவர்கள் நிறையப் பேர்.

முதலில் வாசலின் அகலத்தைப் பார்ப்போம். ஸ்லாட்டில் தரவு போகும் ஒவ்வொரு தடத்துக்கும் லேன் என்று பெயர். ஒரு லேனில் போக ஒரு ஜோடிக் கம்பி, வர ஒரு ஜோடிக் கம்பி. எக்ஸ்16 என்றால் 16 லேன், அதாவது 16 ஆட்கள் தோளோடு தோள் உரச ஒரே நேரத்தில் மூட்டை சுமந்து வரலாம். எக்ஸ்4 என்றால் 4 பேர்.

அடுத்தது நடை வேகம். இதைத்தான் தலைமுறை என்கிறார்கள். முதல் தலைமுறையில் ஒரு லேன் விநாடிக்கு 250 எம்.பி. சுமந்தது. அதன்பின் ஒவ்வொரு தலைமுறையிலும் அது ஏறத்தாழ இரட்டிப்பானது. 2010-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் லேனுக்குக் கிட்டத்தட்ட 1 ஜி.பி., 2017-இல் வந்த நான்காவதில் 2, 2019-இல் வந்த ஐந்தாவதில் 4. ஆக, நான்காம் தலைமுறை எக்ஸ்8-ம் மூன்றாம் தலைமுறை எக்ஸ்16-ம் ஒன்றுதான்: பாதி ஆட்கள், இரட்டிப்பு நடை.

இப்போது பவர் பட்டனை அழுத்துகிறோம். உடனே கார்டும் போர்டும் பேசிக்கொள்கின்றன. எத்தனை லேன் என்று முதலில் முடிவாகிறது. பிறகு முதல் தலைமுறையின் மெதுவான நடையில் தொடங்கி, இருவராலும் முடிகிற வேகம் வரைக்கும் ஏறுகின்றன. இரண்டு பேரில் யார் மெதுவோ அவர் வேகம்தான் கணக்கு. அகலமும் அப்படியே.

இதுதான் பலரும் ஏமாறும் இடம். வாசற்படி அகலமாக இருக்கும், ஆனால் கதவில் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். போர்டில் ஒரே நீளத்தில் இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டும் எக்ஸ்16 என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாவது ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல போர்டுகளில் முன்பகுதியில் மட்டும் தங்க நிறப் பற்கள் தெரியும், மீதி வெறும் பிளாஸ்டிக் பள்ளம். நீளம் பதினாறுக்கு, கம்பி நாலுக்கு. போதாக்குறைக்கு, அந்த ஸ்லாட் பெரும்பாலும் பிராசஸரோடு நேராக இணைந்திருக்காது. சிப்செட் வழியாகச் சுற்றிக்கொண்டு, யு.எஸ்.பி., நெட்வொர்க், ஹார்டு டிஸ்க் எல்லாம் நடமாடும் பொது நடையில்தான் வர வேண்டும். எனவே கார்டுக்கு உரிய இடம் பெரும்பாலும் பிராசஸருக்கு மிக அருகில் இருக்கும் முதல் நீள ஸ்லாட்.

சரி, வாசல் குறுகினால் சமையல் கெட்டுவிடுமா? பெரும்பாலும் இல்லை. வேண்டியதெல்லாம் முன்கூட்டியே மேடைக்கு வந்துவிட்டால், அப்புறம் வாசலில் போய் வருவது “அடுத்து இதைச் செய்” என்ற சேதிகள்தான். விளையாட்டு தொடங்கும்போது படங்கள் மொத்தமாக வி-ரேமுக்குள் ஏறிவிடும், பிறகு அங்கேயே இருக்கும். மேடை நிரம்பி வழியும்போதுதான் வாசலைத் தேட வேண்டி வருகிறது.

2022 ஜனவரியில் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. இதற்கு நல்ல உதாரணம். வி-ரேம் 4 ஜி.பி., வாசல் நான்காம் தலைமுறை எக்ஸ்4. அந்த வி-ரேமிலிருந்து விநாடிக்கு 144 ஜி.பி. எடுக்கலாம். கார்டை மூன்றாம் தலைமுறை போர்டில் செருகினால் வாசல் வழியே வருவது விநாடிக்கு 4 ஜி.பி.கூட இல்லை. விநாடிக்கு 60 படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் மேடையிலிருந்து 2,400 எம்.பி. எடுக்கலாம், வாசல் வழியாக ஏறத்தாழ 65 எம்.பி.தான் வரும். 4 ஜி.பி. மேடை இன்றைய விளையாட்டுகளுக்குச் சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பியதும் அடுப்பை எரியவிட்டு ஆட்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திரையில் படம் திக்கித் திக்கி ஓடும். விலை குறைந்த கார்டைத் தேடுபவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பழைய போர்டு. அவர்களுக்கென்று செய்த கார்டிலேயே இப்படிச் சிக்கனம் பிடித்தது எனக்குப் புரியவே இல்லை.

என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060-ம் முழு எக்ஸ்16 இல்லை, எக்ஸ்8 கார்டுதான். ஆனால் மேடை 8 ஜி.பி. என்பதால், மூன்றாம் தலைமுறை போர்டில்கூடப் பெரும்பாலான விளையாட்டுகளில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

போர்டின் பெட்டியில் “நான்காம் தலைமுறை” என்று அச்சிட்டிருந்தாலும் பிராசஸரைப் பார்க்காமல் நம்ப வேண்டாம். பி550 போர்டில் ரைசன் 5 5600 போட்டால் முதல் ஸ்லாட் நான்காம் தலைமுறை. அதே போர்டில் 5600ஜி போட்டால் மூன்றாம் தலைமுறை. ஒரே ஓர் எழுத்தில் வாசலின் வேகம் பாதியாகிவிடுகிறது.

அடுப்பு எரிய விறகு வேண்டுமே. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். 6 பின் என்றால் இன்னும் 75, 8 பின் என்றால் 150. கார்டின் நீளம் கேபினட்டுக்குள் அடங்குமா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே கார்டு இருந்தால் ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளில் ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ என்ற வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகம் 1.1 என்று இறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனை ஓட்டினால் உண்மையான எண் தெரியும். புதிதாக வாங்குவதானால், காசு கொடுப்பதற்கு முன் கார்டின் லேன் எண்ணிக்கை, அதன் வி-ரேம், உங்கள் போர்டும் பிராசஸரும் சேர்ந்து தரும் தலைமுறை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எக்ஸ்4, 4 ஜி.பி., மூன்றாம் தலைமுறை என்று வந்தால் அந்தக் கார்டு வேண்டாம். கொஞ்சம் கூடக் கொடுத்தாவது 8 ஜி.பி. கார்டாக எடுங்கள்.