நகர்பேசி நினைவட்டைப் பழுது

நகர்பேசி நினைவட்டைப் பழுது என்பது நகர்பேசியில் செருகப்படும் மைக்ரோ எஸ்டி வகை நினைவட்டையைக் கருவி படிக்க இயலாமலோ, அதில் எழுத இயலாமலோ, அட்டை இருப்பதையே அறிய இயலாமலோ போகும் நிலையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் "மெமரி கார்டு போய்விட்டது" எனச் சொல்லப்படுவது இதுவே ஆகும். இவ்வாறு "போய்விட்ட" அட்டைகள் பலவற்றில் ஒளிப்படங்களும் பாடல்களும் அழியாமல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவை எங்குள்ளன எனக் காட்டும் அட்டவணை மட்டுமே சிதைந்திருக்கும். உண்மையான இழப்பு பல வேளைகளில் அதற்குப் பிறகு, அட்டையைச் சரிசெய்யும் முயற்சியிலேயே நேர்கிறது. ஆகவே அட்டையைச் சரிசெய்வதும் அதிலுள்ள தரவுகளை மீட்பதும் வெவ்வேறு பணிகள் என்பதையும், இரண்டாவதையே முதலில் செய்யவேண்டும் என்பதையும் அறிந்திருப்பது தேவையாகும்.

அமைப்பு

எஸ்டி அட்டையைப் பானசோனிக், சான்டிஸ்க், தோசிபா ஆகிய நிறுவனங்கள் 1999 இல் அறிவித்தன. நகர்பேசிகளுக்கென 2004 இல் டிரான்ஸ்ஃபிளாஷ் என்ற பெயரில் சான்டிஸ்க் வெளியிட்ட சிறிய அட்டையே 2005 இல் மைக்ரோ எஸ்டி எனத் தரப்படுத்தப்பட்டது. இது 15 மி.மீ நீளமும் 11 மி.மீ அகலமும் ஏறத்தாழ 1 மி.மீ தடிப்பும் உடையது. விரல்நகம் அளவே இருக்கும்.

இச்சிறு அட்டைக்குள் இரண்டு உறுப்புகள் உள்ளன. ஒன்று, தரவைத் தேக்கிவைக்கும் நாண்ட் வகைத் திடீர் நினைவகம். மற்றொன்று, அந்நினைவகத்தை ஆளும் கட்டுப்படுத்தி. கட்டுப்படுத்தி ஒரு சிறு கணினி என்றே சொல்லலாம். நகர்பேசி "இந்த எண்ணுள்ள இடத்தில் எழுதுக" என ஆணையிட்டால், உண்மையில் எந்தச் சிற்றறையில் எழுதுவது என்பதைக் கட்டுப்படுத்தியே முடிவு செய்து, அதற்கான குறிப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. சிற்றறைகள் சீராகத் தேய்வதற்கே இந்த ஏற்பாடு.

திடீர் நினைவகத்தில் தரவைப் பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் அழிப்பது பல பக்கங்கள் கொண்ட தொகுதி தொகுதியாகவே இயலும். ஒரு சிறு கோப்பை மாற்றுவதற்குக்கூட அதே தொகுதியிலுள்ள தொடர்பில்லாத தரவுகளை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டியிருக்கலாம். அந்நேரத்தில் மின்கலம் தீர்ந்தாலோ அட்டை பிடுங்கப்பட்டாலோ, அன்று எடுத்த படம் மட்டுமன்றி என்றோ எடுத்த படமும் கெடக்கூடும். அட்டையை எடுக்குமுன் அமைப்புகளில் உள்ள வெளியேற்றும் கட்டளையைப் பயன்படுத்துக என்று கூறப்படுவதன் காரணம் இதுவே.

தொடுமுனைப் பழுது

எளிதில் தீர்வது இவ்வகைப் பழுதாகும். மைக்ரோ எஸ்டி அட்டையின் பின்புறத்தில் பொன்னிறத் தொடுமுனைகள் எட்டு உள்ளன. இவற்றில் வியர்வை, தூசு, எண்ணெய்ப் பசை ஆகியன படிந்தால் அட்டை சில நேரம் தெரியும், சில நேரம் மறையும். நகர்பேசியை அணைத்து, அட்டையை எடுத்து, உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் பொருத்தவேண்டும். பசை நீங்காவிடில் துணியில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்த்துத் துடைத்து, நன்கு உலரவிடலாம். செருகுவாயில் வாயால் ஊதுவது பரவலான பழக்கம்; மூச்சிலுள்ள ஈரம் உள்ளே படிவதால் அது நல்லதன்று.

துடைத்த பின்னும் தெரியாவிடில் அதே அட்டையை வேறொரு நகர்பேசியிலோ, கணினியில் இணைத்த கார்டு ரீடரிலோ வைத்துப் பார்க்கவேண்டும். அங்குத் தெரிந்தால் பழுது அட்டையில் இல்லை, செருகுவாயில் உள்ளது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே எறியப்படும் நல்ல அட்டைகளும் உண்டு.

பழுது போலத் தோன்றுபவை

சில நேரங்களில் அட்டை நலமாகவே இருக்கும்; கருவிக்கும் அதற்கும் பொருத்தம் இராது. எஸ்டி அட்டைகளின் கொள்ளளவு எல்லை மூலத் தரத்தில் 2 கிகாபைட்டு ஆகும். 2006 இல் வந்த எஸ்டிஎச்சி தரத்தில் இது 32 கிகாபைட்டாகவும், 2009 இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி தரத்தில் 2 டெராபைட்டாகவும் உயர்ந்தது. புதிய கருவி பழைய அட்டையைப் படிக்கும். பழைய கருவி புதிய அட்டையைப் படிக்காது. பழைய விசைப்பலகை நகர்பேசியில் 64 கிகாபைட்டு அட்டையைச் செருகி, "அட்டை கெட்டது" என்று வருந்துவதில் பொருளில்லை. அவ்வாறே 32 கிகாபைட்டு அட்டை ஆண்ட்ராய்டு நகர்பேசிகள் சிலவற்றிலும் விண்டோசிலும் 29 சொச்சம் எனக் காட்டப்படுவதும் பழுதன்று. தயாரிப்பாளர் பத்தின் மடங்கிலும் அக்கருவிகள் இரண்டின் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது.

கோப்புகள் "காணாமற் போவது" இன்னொரு வகை. ஒரு கோப்புறையில் நோமீடியா என்னும் பெயருள்ள வெற்றுக்கோப்பு இருந்தால், ஆண்ட்ராய்டின் படத்தொகுப்புச் செயலி அக்கோப்புறையைத் தவிர்த்துவிடும். கணினி மையங்களில் செருகப்பட்ட அட்டையில் நச்சுநிரல் புகுந்து, கோப்புறைகளை மறைத்துவிட்டு அவற்றின் பெயரிலேயே குறுக்குவழிகளை வைப்பதும் உண்டு. இரு நிலைகளிலும் தரவு முழுமையாக இருக்கும். கோப்பு மேலாளரில் மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கிப் பார்த்தால் புலப்படும்.

கோப்பு முறைமைச் சிதைவு

"அட்டை சேதமடைந்துள்ளது", "அட்டை வெறுமையாக உள்ளது", "பயன்படுத்துமுன் வடிவமைக்க வேண்டும்" ஆகிய செய்திகளுக்கு அடிக்கடி காரணமாவது இதுவே.

அட்டையை ஒரு நூலகமாகக் கொண்டால், கோப்பு முறைமை அதன் நூற்பட்டியல் ஆகும். 32 கிகாபைட்டு வரையான எஸ்டிஎச்சி அட்டைகளில் ஃபேட்32 முறைமையும், அதற்கு மேற்பட்டவற்றில் எக்ஸ்ஃபேட் முறைமையும் தரமாகப் பயன்படுகின்றன. கோப்பின் பெயர், அது தொடங்கும் இடம், அதன் அடுத்தடுத்த துண்டுகள் இருக்கும் இடங்கள் ஆகியன பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். பட்டியல் கிழிந்தால் நூல்கள் எரிந்துவிடுவதில்லை. ஆயினும் பட்டியலை மட்டுமே நம்பும் நகர்பேசி, நூலகமே இல்லை என்று அறிவித்துவிடுகிறது.

ஃபேட்32 இல் ஒரு கோப்பை நீக்கும்போது நிகழ்வதும் இத்தகையதே. பட்டியலில் கோப்புப் பெயரின் முதல் எழுத்து பதினறும எண் ஈ5 ஆக மாற்றப்படும். கோப்பு இருந்த இடங்கள் காலியானவை எனக் குறிக்கப்படும். கோப்பின் உள்ளடக்கத்தை எவரும் தொடுவதில்லை. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்போதுதான் அது உண்மையில் மறைகிறது. பழுது தெரிந்த பிறகும் அட்டையை நகர்பேசியிலேயே விட்டு, "சரியாகிவிட்டதா" என்று பார்க்க மேலும் இரண்டு படம் எடுப்பவர், மீட்கக்கூடிய படங்களின் மேல் தாமே எழுதுகின்றார்.

வடிவமைப்பு என்பது ஃபார்மட் எனப் பரவலாக அறியப்படும் செயல். இதில் விரைவு வடிவமைப்பு பட்டியலை மட்டும் புதிதாக எழுதும். உள்ளடக்கம் பெரும்பாலும் எஞ்சும். முழு வடிவமைப்பு அவ்வாறன்று. விண்டோஸ் விஸ்டா முதல் அது அட்டை முழுவதும் சுழியங்களை எழுதுகிறது. நகர்பேசிகளும் ஒளிப்படக் கருவிகளும் சில, வடிவமைக்கும்போது அட்டைக்கு அழிப்பாணையும் அனுப்பக்கூடும். அந்நிலையில் மீட்பு மென்பொருளுக்குக் கிடைப்பது வெறும் சுழியங்களே. வடிவமைக்கவா என்று கருவி கேட்கும்போது வேண்டாம் என்றே விடையளிக்க வேண்டும். கருவி அட்டையைப் பற்றிக் கேட்கிறதேயன்றி, அதிலுள்ள படங்களைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை.

விண்டோசின் செக்டிஸ்க் நிரலும் எச்சரிக்கையுடன் கையாளத்தக்கது. பிழைநீக்கும் தெரிவுடன் இயக்கினால் அது அட்டையின் மீதே எழுதுகிறது. உரிமையாளர் தெரியாத துண்டுகளைத் திரட்டி எண்ணிட்ட கோப்புகளாக மாற்றிவைக்கிறது. சிறு சிதைவுக்கு இது நல்ல மருந்து. பெருஞ்சிதைவில் எஞ்சிய பட்டியலையும் குலைத்துவிடலாம். தரவுகளுக்குப் படி எடுத்த பின்னரே இதனை இயக்கவேண்டும்.

தரவு மீட்பு

மைக்ரோ எஸ்டி அட்டையில் எழுத்துத் தடுப்பு விசை கிடையாது. அதனைப் பெரிய எஸ்டி அளவுக்கு மாற்றும் அடாப்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு நழுவுவிசை உண்டு. மீட்பைத் தொடங்குமுன் இதனைப் பூட்டு நிலைக்கு நகர்த்துவது நல்ல பழக்கம். எனினும் இவ்விசைக்கும் அட்டைக்கும் எத்தொடர்பும் இல்லை. விசையின் நிலையைப் பார்த்துக் கட்டுப்படவேண்டியது கார்டு ரீடரே. கட்டுப்படாத ரீடர்களும் உள்ளன.

அடுத்து, அட்டை முழுவதையும் முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட்டு வரை ஒரே கோப்பாகக் கணினியில் படியெடுக்க வேண்டும். இது படிமம் எனப்படும். லினக்சில் இதற்கு க்னூ திட்டத்தின் டிடிரெஸ்க்யூ பயன்படுகிறது. படிக்க இயலாத இடம் வந்தால் அது அங்கேயே நின்றுவிடாது. அதனைத் தாண்டிச் சென்று எளிதாகக் கிடைப்பவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமானவற்றுக்குப் பின்னர் திரும்பிவரும். இறந்துகொண்டிருக்கும் அட்டைக்கு இம்முறையே பொருந்தும், ஏனெனில் ஒவ்வொரு முறை படிப்பதும் அதன் கடைசி முறையாக இருக்கலாம். இதன் பிறகு செய்யும் சோதனைகள் அனைத்தையும் படிமத்தின் மீதே செய்யலாம்; தவறு நேர்ந்தாலும் அட்டைக்குக் கேடில்லை.

படிமத்திலிருந்து கோப்புகளை எடுக்க டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. டெஸ்ட்டிஸ்க் கிழிந்த பட்டியலைச் செப்பனிட முயல்கிறது. ஃபேட்32 இல் பொதுவாக அட்டவணையின் இரண்டு படிகள் இருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று உதவக்கூடும்; எக்ஸ்ஃபேட்டில் வழக்கமாக ஒன்றே. ஃபோட்டோரெக் பட்டியலையே பார்ப்பதில்லை. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்னும் மூன்று பதினறும பைட்டுகளுடன் தொடங்கும். இத்தகைய தொடக்க அடையாளங்களை அட்டை முழுவதும் தேடி, கண்ட இடத்திலிருந்து கோப்பை வெட்டியெடுக்கிறது. இதனால் படங்கள் கிடைக்கும், அவற்றின் பெயர்கள் கிடைக்கா. ஆயிரக்கணக்கான படங்கள் எண்களையே பெயராகக் கொண்டு வந்து குவியும். திருமணப் படத்தையும் செயலி ஒன்றின் சிறு சின்னத்தையும் பிரித்தெடுப்பது பயனரின் பொறுப்பு. மீட்ட கோப்புகளை அதே அட்டையில் சேமித்தல் கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இத்தவறு அடிக்கடி நிகழ்கிறது.

ஒளிப்படங்களைவிட நிகழ்படங்களை மீட்பது கடினம். பெரிய கோப்புகள் பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கக்கூடும்; துண்டுகளின் வரிசை பட்டியலுக்கே தெரியும். மேலும் நகர்பேசிகளில் எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை வழக்கமாகப் பதிவு முடியும்போதே எழுதப்படுகிறது. பதிவின் இடையில் மின்கலம் தீர்ந்த நிகழ்படம் திறக்காமற் போவது இதனால்தான்.

தேய்வு

திடீர் நினைவகத்தின் ஒவ்வொரு தொகுதியும் குறிப்பிட்ட எண்ணிக்கை முறைகளே அழித்தெழுதத் தக்கது. ஒரு சிற்றறையில் ஒரு பிட்டு மட்டும் வைக்கும் வகை ஏறத்தாழ 1,00,000 முறை தாங்கும். மூன்று பிட்டுகள் வைக்கும் மலிவான வகை சில ஆயிரம் முறைகளோ அதனினும் குறைவாகவோ தாங்கும்.

தேய்ந்த அட்டை விந்தையாக நடந்துகொள்ளும். அழித்த படங்கள் அட்டையை எடுத்துச் செருகியதும் திரும்பி வந்து நிற்கும். வடிவமைத்தாலும் பழைய கோப்புகளே தெரியும். பேயோ நச்சுநிரலோ இதற்குக் காரணமன்று. இனி எழுதினால் தரவு கெடும் எனக் கண்ட கட்டுப்படுத்தி, அட்டையைப் படிப்பதற்கு மட்டும் உரியதாக்கிவிட்டது. இதனை நற்பேறு என்றே கொள்ளவேண்டும். அனைத்தையும் படியெடுத்துக்கொண்டு அட்டையைக் கைவிடலாம். அதனை மீண்டும் எழுதவைக்கப் பயனரால் இயலாது.

போலி அட்டைகள்

சந்தையில் 64 அல்லது 128 கிகாபைட்டு என அச்சிடப்பட்டு, உள்ளே அதில் சிறு பகுதியே கொண்ட அட்டைகள் விற்கப்படுகின்றன. கட்டுப்படுத்தி பொய் சொல்லுமாறு மாற்றப்பட்டிருப்பதால் கருவியும் அந்த அளவையே காட்டும். உண்மையான கொள்ளளவு நிரம்பும் வரை குறை தெரியாது. அதன் பிறகு எழுதப்படுபவை எங்கும் சேர்வதில்லை, அல்லது பழையவற்றின் மேல் எழுதப்படுகின்றன. பட்டியல் அட்டையின் தொடக்கத்தில் இருப்பதால் கோப்புப் பெயர்கள் ஒழுங்காகத் தெரியும்; திறந்தால் ஒன்றுமிராது. இவ்வாறு இழந்த படங்களை எம்மென்பொருளும் மீட்காது, ஏனெனில் அவை எழுதப்படவே இல்லை. வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 நிரலால் அட்டை முழுவதும் எழுதிப் படித்துச் சோதிப்பதே பாதுகாப்பு.

மென்பொருளால் இயலாதவை

2015 இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 இல் நினைவட்டையை நகர்பேசியின் உள்நினைவகமாகவே ஏற்கும் வசதி சேர்க்கப்பட்டது. இவ்வாறு ஏற்கப்பட்ட அட்டை மறையாக்கம் செய்யப்படுகிறது. திறவுகோல் நகர்பேசியில் இருக்கும். அந்நகர்பேசி உடைந்தாலோ தொடக்க நிலைக்கு மீளமைக்கப்பட்டாலோ அட்டை நலமாக இருந்தும் பயனில்லை.

எந்தக் கருவியிலும் தெரியாத அட்டைக்கும், கொள்ளளவைச் சுழியமாகவோ சில மெகாபைட்டுகளாகவோ காட்டும் அட்டைக்கும் கட்டுப்படுத்தி செயலிழந்திருக்கலாம். தரவு மீட்பு ஆய்வகங்கள் இத்தகைய அட்டையின் மேற்பூச்சைச் சுரண்டி, உள்ளே மறைந்துள்ள தொடுபுள்ளிகளில் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, கட்டுப்படுத்தியைத் தவிர்த்து நினைவகத்தை நேரடியாகப் படிக்கின்றன. செலவு அட்டையின் விலையைப் போலப் பன்மடங்காகும். இரண்டாக முறிந்த அட்டையில் நினைவகச் சில்லே பிளந்திருந்தால் அவ்வழியும் இல்லை.

கைவிடப்படும் அட்டை

மேற்கூறிய மீட்பு முறைகள் உரிமையாளருக்கு மட்டுமே உதவுவன அல்ல. விரைவு வடிவமைப்புச் செய்து பிறருக்கு விற்ற அட்டையிலிருந்து வாங்கியவரும் அதே ஃபோட்டோரெக்கால் படங்களை எடுக்க இயலும். நல்ல நிலையிலுள்ள அட்டையை முழுமையாக மேலெழுதிய பின்னரே கைமாற்ற வேண்டும். தேய்ந்து, படிக்க மட்டுமே இடந்தரும் அட்டையில் மேலெழுதவும் வழியில்லை. அதனைச் சில்லுடன் சேர்த்து நொறுக்கிய பின்னரே மின்கழிவில் சேர்க்கவேண்டும்.