புன்னாலைக்கட்டுவன் தந்த உயரம்

கூடைப்பந்தாட்ட வளையமும் வலைப்பந்தாட்ட வளையமும் நிலத்திலிருந்து ஒரே உயரந்தான்: 3.05 மீற்றர். 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்த ஆட்டத்தை இங்கிலாந்துப் பெண்கள் மாற்றி ஆடியதால் பிறந்ததே வலைப்பந்து. வலைப்பந்துக்கான சர்வதேசச் சம்மேளனம் 1960இல் நம்முடைய இலங்கையில் நடந்த கூட்டத்தில்தான் உருவானது. அதன் முதற்பெயரிலேயே பெண்கள் கூடைப்பந்தும் இருந்தது.

ஆனால் காசும் வெளிச்சமும் ஒரு சகோதரிக்கே போய்ச் சேர்ந்தன. அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான டபிள்யூ.என்.பி.ஏ. 1997இல் ஆரம்பித்தது. 1999 ஜூலையில் நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டனில், தொடரின் முன்னணி வீராங்கனைகள் மோதும் முதல் நட்சத்திர ஆட்டம் நடந்தது. மேற்கு அணி 79–61 என வென்றது. சிறந்த வீராங்கனை லீசா லெஸ்லி. 2005 நட்சத்திர ஆட்டத்தில் பந்தை வளையத்துக்குள் அறைந்து போட்டவரும் அவரே.

வலைப்பந்தில் அந்த வித்தைக்கு இடமில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. வளையத்துக்குப் பின்னால் பலகையும் இல்லை. பந்து கைக்கு வந்தால் மூன்று விநாடிதான். ஆகவே உயரே வரும் பந்தைப் பிடித்து, நின்ற இடத்திலிருந்தே போடத் தெரிந்தவருக்கு மவுசு. யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர். டபிள்யூ.என்.பி.ஏ. நட்சத்திர ஆட்டங்களில் பலமுறை ஆடிய பிரிட்னி கிரைனரை விடவும் சற்று உயரம்! 2011 உலகக் கிண்ணத்தில் சிறந்த கோல் போடுபவர் என்ற பெயர் தர்ஜினிக்குக் கிடைத்தது. 2009, 2018, 2022 ஆசியச் சம்பியன் அணிகளிலும் இருந்தார். 2019 உலகக் கிண்ணத்தில் இலங்கைக்கு 15ஆம் இடந்தான்; ஆனால் கோல்களைக் குவித்தவர் அவர். தொழில்முறை அனுபவம் தேடி அவர் போக வேண்டியிருந்தது அவுஸ்திரேலியாவுக்கு. மெல்பேர்ணில் சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் அணிக்கு ஆடினார்.

"நாமும் ஒரு நட்சத்திர ஆட்டம் வைத்தால் என்ன, யாழ்ப்பாணத் துரையப்பா அரங்கு நிறையாதா?" என்று கேட்கத் தோன்றும். ஒருநாள் நிறையும். ஆனால் டபிள்யூ.என்.பி.ஏ.க்கு முன்பு, 1978இல், அமெரிக்காவில் இன்னொரு பெண்கள் தொடர் தொடங்கியது. அதற்கும் நட்சத்திர ஆட்டம் இருந்தது. 1981இல் அந்தத் தொடரே மூடப்பட்டது. திருவிழா நடத்தினால் மட்டும் கோயிலில் அன்றாடப் பூசை நடந்துவிடாது.

டபிள்யூ.என்.பி.ஏ.யிலும் சண்டை சம்பளத்துக்குத்தான் நடந்தது. 2025 ஜூலையில் இண்டியானாபொலிஸில், நட்சத்திர ஆட்டத்துக்கு முந்திய பயிற்சியில், தமக்குரிய பணத்தைக் கேட்கும் வாசகம் பொறித்த சட்டைகளோடு நட்சத்திரங்கள் எல்லோரும் களமிறங்கினார்கள். பிறகு நபீசா கொலியரின் அணி 151–131 என வென்றது. அவர் தனியே 36 புள்ளிகள்.

இங்கே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது? வங்கியோ முப்படையோ வேலை கொடுத்தால், அந்த அணிக்கு ஆடலாம். விளையாட்டே சம்பளமாகும் ஒரு சுற்றுப்போட்டி இலங்கைப் பெண்களுக்கு வேண்டும். அதன் அணிகளில் ஒன்றாவது யாழ்ப்பாணத்தில் இருக்க வேண்டும். நட்சத்திர ஆட்டத்தை மூன்றாம் வருடம் வைத்துக்கொள்ளலாம், டபிள்யூ.என்.பி.ஏ.யும் அப்படித்தானே செய்தது.